ஆகாய விமானப் பந்தயமும் ஒரு சிறு தகடும்

குதிரைப் பந்தயத்தையும் படகுப் பந்தயத்தையும் அறியாதார் நம்முள் எவருமிலர். ஆனால் ஆகாய விமானங்கள் ஏழெட்டினை ஒரே வட்டத்தில், ஒரு தென்னைமரத்தின் உயரத்திற்குச் சற்றே மேலாக, ஒன்றையொன்று முந்துமாறு பறக்கவிடும் பந்தயமும் உலகில் உண்டென்று கூறின், அதனை நம்பச் சிலர் தயங்கக்கூடும். அதனினும் பெரிய வியப்பு ஒன்றுண்டு. அப்பந்தயத்தின் முதல் வகுப்பிற் பறப்பவை புத்தம் புதிய விமானங்கள் அல்ல. இரண்டாம் உலகப் போரின் காலத்திற் செய்யப்பட்டு, போர் முடிந்தபின் பழம்பொருளாக விலைப்பட்ட போர்விமானங்களே அவை. பொருட்காட்சிச் சாலையில் கயிறு கட்டிக் காக்கப்பட வேண்டிய இம்முதிய யந்திரங்கள், தம்மைப் படைத்தவர்கள் கனவிலுங் கருதாத வேகத்தில் தரையையொட்டிப் பறக்கின்றன. அவ்வேகம் எவ்வாறு கிடைக்கிறது, அதற்கு ஈடாகக் கொடுக்கப்படுவது யாது என்னும் இரண்டினையே இவ்வியாசத்தில் நாம் ஆராயப் புகுகின்றோம். பௌதிக சாஸ்திரம் பயிலும் மாணாக்கர்க்கு இதனினும் இனிய பாடம் வாய்ப்பது அரிது.

இப்பந்தயங்களின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கிளீவ்லாந்து நகரில் 1929-ஆம் ஆண்டு முதல் நடைபெற்ற தேசிய விமானப் பந்தயங்கள் போரின்போது நின்று, 1946-ல் மீண்டும் தொடங்கின. 1949-ல் ஒரு பந்தய விமானம் வழிதவறி, அருகிலிருந்த ஊரில் ஒரு வீட்டின்மேல் வீழ்ந்தது. விமானியும், அவ்வீட்டிலிருந்த ஒரு தாயும் மகவும் மாண்டனர். அத்தோடு கிளீவ்லாந்தில் இப்போர்விமானங்களின் பந்தயம் முற்றுப்பெற்றது. பதினைந்து ஆண்டுகள் சென்றபின், போர்க்கால விமானியாயிருந்து பின்னர்ப் பண்ணை நடத்திவந்த பில் ஸ்டெட் என்பார், நெவாடா மாநிலத்தில் ரீனோ நகரையடுத்த பாலைநிலத்தில் 1964-ஆம் ஆண்டு அதனை உயிர்ப்பித்தார். 1966 முதல் அது ஸ்டெட் விமான நிலையத்திற்கு மாறிற்று. அந்நிலையம் பெற்றுள்ள பெயர் பில் ஸ்டெட்டின் சகோதரருடையது. பில் ஸ்டெட் அதே 1966-ல், பிளாரிடாவில், ஒரு சிறிய பந்தய விமானத்திற் பறக்கும்போது உயிர் துறந்தார். ரீனோப் பந்தயமோ 2001, 2020 என்னும் இரண்டு ஆண்டுகள் நீங்கலாக, 2023 வரை ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் நடந்தேறி வந்தது.

பந்தயக் களம் ஏறக்குறைய 8 மைல் சுற்றளவுள்ள நீள்வட்டம். அதன் ஓரங்களில் சுமார் 50 அடி உயரமுள்ள கம்பங்கள் நாட்டப்பட்டிருக்கும். அவற்றின் வெளிப்புறமாகவே விமானம் சுற்றிவர வேண்டும்; உட்புறமாய்க் குறுக்கே சென்றால் தண்டனையுண்டு. விமானங்கள் தரையிலிருந்து ஒருங்கே கிளம்புவதில்லை. முன்னோடி விமானம் ஒன்று அவற்றை வானில் வரிசைப்படுத்தி அழைத்து வந்து, களத்தின் வாயிலில் விட்டுவிட்டு மேலெழுந்து போகும். அக்கணமே பந்தயம் தொடங்கும். வகுப்புக்கள் பல. அவற்றுள் 'அன்லிமிடெட்' எனப்படும் கட்டற்ற வகுப்பே இப்பழைய போர்விமானங்களுக்கு உரியது. பிஸ்டன் யந்திரத்தால் ஓடுவதாயும், வெறுமையான நிலையில் 4,500 இராத்தலுக்கு மேற்பட்ட எடையுள்ளதாயும் இருத்தல் வேண்டும் என்பதே அதில் முதன்மையான கட்டுப்பாடு. அமெரிக்கரின் மஸ்டாங்கு, பேர்கேட் என்னும் விமானங்களும், ஆங்கிலேயரின் சீ பியூரி என்பதும் அவ்வகுப்பிற் பெயர்பெற்றவை.

இனி, வேகம் என்பது எத்துணை விலையுயர்ந்த சரக்கு என்பதைக் காண்போம். காற்றினூடே விரையும் பொருளைக் காற்று எதிர்க்கும் விசை, வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதமாக உயரும். அவ்விசையை வென்று செல்வதற்கு வேண்டிய சக்தியோ, வேகத்தின் கனத்திற்கு நேர்விகிதமாக உயரும். வேகத்தைப் பத்திலொரு பங்கு கூட்ட விரும்பினால், 1.1 என்பதை அதனாலேயே மும்முறை பெருக்கிப் பாருங்கள், 1.33 வரும். அதாவது, நூற்றுக்குப் பத்து வேகம் பெற நூற்றுக்கு முப்பத்துமூன்று சக்தி கொடுக்க வேண்டும். இத்தகைய கொடுங்கடன்காரன் நம் ஊர்ச் சந்தையிலும் இல்லை.

இதற்குச் சான்று வரலாற்றிலேயே உளது. 1939-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 26-ஆம் நாள், ஜெர்மனியில் பிரிட்ஸ் வெண்டல் என்பார் அதற்கென்றே ஆக்கப்பட்ட மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்தில் மணிக்கு 469 மைல் வேகத்தில் பறந்தார். பிஸ்டன் யந்திர விமானத்திற்கு அதுவே மேல்வரம்பாக முப்பது ஆண்டுகள் நின்றது. 1969 ஆகஸ்டில், ரீனோவில் அதற்குமுன் பலமுறை வென்ற டாரில் கிரீனமையர் என்பார், மாற்றியமைத்த பேர்கேட் ஒன்றில் 483 மைல் பறந்து அதனை மீறினார். 1979-ல் ஸ்டீவ் ஹிண்டன் மாற்றியமைத்த மஸ்டாங்கில் 499 மைல் எய்தினார். 1989 ஆகஸ்டில் லைல் ஷெல்ட்டன் 'ரேர் பேர்' எனப் பெயரிட்ட பேர்கேட்டில் 528 மைல் எய்தினார். கூட்டிப் பார்த்தால், ஐம்பது ஆண்டு முயற்சிக்குப் பயனாகக் கிடைத்தது மணிக்கு 59 மைலே. ஷெல்ட்டன் தம் விமானத்தை 1969-ல் இண்டியானா மாநிலத்தில் உடைந்து கிடந்த வெறுங்கூடாக வாங்கி, அதற்குரிய 2,800 கன அங்குல யந்திரத்திற்குப் பதிலாக 3,350 கன அங்குலப் பெரிய யந்திரத்தைப் பொருத்தினார் என்பதையும் ஈண்டுச் சேர்த்து எண்ணுக. கிரீனமையரின் வேகத்திற்கும் ஷெல்ட்டனின் வேகத்திற்கும் உள்ள வேறுபாட்டை மேற்கூறிய கன விதிப்படி கணக்கிட்டால், ஏனையவை ஒத்திருக்குமாயின், பின்னவருக்குச் சக்தி நூற்றுக்கு முப்பது மிகுதியாக வேண்டியிருக்கும்.

ஆகவே, வேகத்தை நாடுவோர்க்கு வழி இரண்டே: ஒன்று சக்தியைக் கூட்டுதல், மற்றொன்று தடையைக் குறைத்தல். முதலது பொருட்செலவு மிக்கது. பின்னது அறுவாளும் அரமும் கொண்டு செய்யத்தக்கது. ஆதலால் எல்லாரும் அதிலேயே முதலிற் கை வைக்கின்றனர்.

ஒரு மஸ்டாங்கை எடுத்துக்கொள்வோம். 1940 அக்டோபரில் முதன்முதற் பறந்த இவ்விமான இனம் பதினையாயிரத்திற்கு மேற்பட்ட எண்ணிக்கையிற் செய்யப்பட்டது. பந்தயக்காரன் கையில் அகப்பட்டதும் அதன் துப்பாக்கிகள் போகும். விமானியைக் குண்டினின்று காத்த இரும்புப் பலகை போகும். தூரப் பயணத்திற்கென வைத்த எண்ணெய்த் தொட்டி போகும். இவை போருக்கு உரியவை, பந்தயத்திற்கு வேண்டா. அடுத்து, விமானி நாற்புறமும் பகைவனைப் பார்ப்பதற்காக உயர்த்தி வைத்த கண்ணாடி மாடம் போய், தலை நுழையுமளவான சிறு மூடி வரும். இறகின்மேல் ஆணித்தலைகளும் பொருத்துவாய்களும் உள்ள இடமெல்லாம் பசை பூசித் தேய்த்துத் தேய்த்து, பளிங்குத் தரைபோல் வழுவழுப்பாக்குவர். பின்னர் இறகின் நுனிகளையே வெட்டுவர். 37 அடி நீளமுள்ள இறக்கை விரிவில், பக்கத்திற்கு இரண்டு முழமோ மூன்று முழமோ குறையும்.

இறகை வெட்டினால் விமானம் எவ்வாறு பறக்கும் என்று வினவலாம். தூக்கு விசையும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததே. மணிக்கு 480 மைல் வேகத்தில் அத்துணை இறகு வேண்டுவதில்லை. மிகுந்துள்ள இறகு வெறுஞ் சுமையே. ஆயினும் இறங்கும்போது அதன் கடன் வட்டியோடு திரும்பி வரும். குட்டை இறகுள்ள விமானம் மெதுவாக இறங்க மாட்டாது. மேலும், வளைவில் திரும்பும்போது இறகு தாங்க வேண்டிய பாரத்தை நோக்குக. 490 மைல் வேகத்தில், ஒரு மைல் ஆரமுள்ள வட்டத்தில் திரும்பும் விமானம் தன் எடையைப்போல் மும்மடங்குக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்குகிறது. விமானியின் தலையும் கையும் இரத்தமும் அதே மும்மடங்கு கனக்கும். எட்டு மைல் சுற்றொன்றை ஒரு நிமிஷத்திற் கடந்து, அப்பாரத்தை மீண்டும் மீண்டும் சுமந்துகொண்டே, இறகுநுனிக்கும் அயல் விமானத்திற்கும் இடையேயுள்ள வெளியை அளந்துகொண்டிருப்பது எளிய தொழிலன்று.

குளிர்விக்கும் முறையும் கூர்ந்து நோக்கத்தக்கது. மஸ்டாங்கின் வயிற்றில் ஒரு பெருவாய் தொங்கும். அதன் வழியே புகும் காற்று, யந்திரத்தின் வெந்நீரை ஆற்றும். அவ்வாய் காற்றைத் தடுப்பதும் உண்டு. ஆகவே ஒருசாரார் அதனை முற்றும் நீக்கிவிட்டு, விமானத்தினுள்ளே ஒரு நீர்த்தொட்டியை வைத்து, யந்திரத்தின் வெப்பத்தை அதற்கு ஊட்டி, அந்நீரை ஆவியாக்கி வெளியே விட்டனர். ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது 540 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும் என்பதை நாம் பரிசோதனைச் சாலையிற் செய்து பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே பாடம் அங்கே பறக்கிறது. பந்தயம் எட்டு அல்லது பத்து நிமிஷத்தில் முடிவதாதலின், ஒரு தொட்டி நீர் போதுமானது. போருக்கு ஏழு மணி நேரம் பறந்த விமானம், பந்தயத்திற்குப் பத்து நிமிஷம் உயிரோடிருந்தாற் போதும் என்னும் அளவிற்குக் கொண்டுவரப்பட்டது.

யந்திரத்தின் நிலையும் அஃதே. மஸ்டாங்கிலுள்ள மெர்லின் யந்திரம் பன்னிரண்டு சிலிண்டர்களும் 1,650 கன அங்குலக் கொள்ளளவும் உடையது. சூப்பர்சார்ஜர் என்னும் காற்றழுத்திகொண்டு அதனுட் காற்றைத் திணிப்பர். வெளிக்காற்றின் அழுத்தம் 30 அங்குலப் பாதரசம். போர்க்காலத்தில் தரையினின்று கிளம்பும்போது இம்மெர்லினுக்கு அனுமதித்த அழுத்தம் 61 அங்குலம். பந்தயத்திலோ 120 அங்குலத்தையும் மிஞ்சும். நிமிஷத்திற்கு 3,000 சுற்று என்னும் வரம்பும் கடந்து போகும். அன்று ஏறக்குறைய 1,500 குதிரைச் சக்தி தந்த யந்திரம் இன்று 3,000-க்கு மேல் தருமாறு கட்டாயப்படுத்தப்படுகிறது. உள்ளிருக்கும் கலவை உரிய காலத்திற்கு முன்னரே வெடித்துச் சிலிண்டரைப் பிளந்துவிடாதபடி, நீரும் மெதனால் என்னும் சாராயமும் கலந்து உள்ளே தெளித்துக்கொண்டேயிருத்தல் வேண்டும். அத்தெளிப்பு ஒரு கணம் நின்றால் யந்திரம் முடிந்தது. இணைப்புத் தண்டுகள் தாங்காமற் போகவே, அல்லிசன் என்னும் வேறோர் யந்திரத்தின் தடித்த தண்டுகளை எடுத்து இதிற் பொருத்துகின்றனர். ஒருவன் எலும்பை மற்றொருவனுக்கு வைத்துக் கட்டும் இரண வைத்தியமே இது.

சுழல்விசிறியும் தன் எல்லையைக் காட்டும். மஸ்டாங்கின் விசிறி 11 அடி 2 அங்குல விட்டமுள்ளது. யந்திரம் 3,400 சுற்றுச் சுழலும்போது, போர்க்காலப் பற்சக்கரமே இருக்குமாயின், விசிறி ஏறத்தாழ 1,630 சுற்றுச் சுழலும். அதன் நுனி விநாடிக்கு 950 அடி விரையும். விமானம் முன்னே செல்லும் வேகம் விநாடிக்கு 730 அடி. இவ்விரண்டும் செங்கோணத்தில் அமைந்தவையாதலின், வர்க்கங்களைக் கூட்டி மூலம் காண்க. 1,200 அடி வரும். ஒலியின் வேகமோ அவ்விடத்து வெம்மையில் 1,130 அடியே. நுனி ஒலியை முந்தியவுடன் விசிறி காற்றைத் தள்ளும் திறன் குன்றி, ஓசையைப் பெருக்கும். எனவே, விசிறி மெல்லச் சுழலுமாறு பற்சக்கரங்களை மாற்றுவதும் பந்தயக்காரரின் வேலையாயிற்று.

ஜெட் விமானங்களுக்கு இத்தொல்லை இல்லை. அவற்றிற்கு விசிறி இல்லையன்றோ. 2002 முதல் ரீனோவில் ஜெட் வகுப்பும் சேர்க்கப்பட்டது. செக்கோஸ்லோவாக்கியாவில் மாணவ விமானிகளைப் பயிற்றுவதற்கெனச் செய்யப்பட்ட எல்-39 அல்பட்ராஸ், அதற்கு முந்திய எல்-29 டெல்பின் என்பவையே அதிற் பெரும்பாலும் பறந்தன. பனிப்போர் முடிந்தபின் இவை தனியார் வாங்கக்கூடிய விலைக்கு வந்தன. எல்-29 சிலவற்றில் பழைய யந்திரத்தை அகற்றி, ரோல்ஸ் ராய்ஸ் வைப்பர் என்னும் வலிய யந்திரத்தை வைத்து, மணிக்கு 500 மைலுக்கு மேற் சுற்றினர். வேகத்தில் இவை முதிய மஸ்டாங்குகளை முந்தியதும் உண்டு. ஆயினும், பார்வையாளரின் உள்ளம் ஜெட்டுகளிடம் அத்துணை ஈடுபடவில்லை என்றே தோன்றுகிறது. கழுத்து நரம்பு புடைக்க ஓடுபவனைப் பார்க்கும் ஆவல், எளிதில் ஓடுபவனைப் பார்ப்பதில் உண்டாவதில்லை போலும்.

இத்துணை நெருக்கப்பட்ட யந்திரம் இடைவழியில் உடைவது அரிதன்று. அப்போது விமானி செய்வது ஒன்றே: பிடியைத் தன்பால் இழுத்து விமானத்தை வானோக்கி எழுப்புவான். வேகம் என்பது சேமித்து வைத்த பொருள்; அதனை உயரமாக மாற்றிக்கொள்ளலாம். 490 மைல் வேகத்தை 150 மைலாகக் குறைத்தால், காற்றின் தடை இல்லையெனக் கொண்டு கணக்கிடின், 7,000 அடிக்கு மேல் உயரம் கிடைக்கும். உண்மையிற் காற்று அதிற் பெரும்பங்கை விழுங்கிவிடும். எஞ்சிய உயரத்தில், ஓடுபாதையை நாடி மிதந்து இறங்கச் சில நிமிஷம் வாய்க்கும். இம்முறையால் உயிர் பிழைத்தோர் மிகப் பலர். 499 மைல் எய்திய ஹிண்டனுக்கு அடுத்த மாதமே ரீனோவில் யந்திரம் கெட்டது. விமானம் தரையில் மோதிச் சிதறித் தீப்பற்றியும், அவர் உயிரோடு மீண்டார்.

இதுகாறும் கூறியவை யாவும் கண்ணுக்குத் தெரியும் பெரிய மாற்றங்கள். இனி, உள்ளங்கை அகலமே கொண்ட ஒரு சிறு உறுப்பினைப் பற்றிக் கூறுவோம். இவ்வியாசத்தை எழுதத் துணிந்ததே அதன் பொருட்டு.

விமானத்தின் வாலில் கிடையாக அமைந்த சிறகின் பின்விளிம்பில், கதவுபோல் ஏறியிறங்கும் உயர்த்திகள் இடமும் வலமுமாக இரண்டு உள. அவற்றை அசைத்தே விமானி மூக்கை ஏற்றுவதும் இறக்குவதும். ஒவ்வோர் உயர்த்தியின் பின்விளிம்பிலும் ஒரு சிறு தகடு கீல்வைத்துப் பொருத்தப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் 'டிரிம் டேப்' என்பர். நாம் சீர்த்தகடு என்போம். அதன் வேலை யாதெனில், உயர்த்தியை விமானி தன் கைவலிமையால் இடைவிடாது பிடித்துக்கொண்டிராதபடி, காற்றின் வலிமையைக்கொண்டே அதனை உரிய நிலையில் நிறுத்துதலாம். வேகம் மிக மிக விமானம் மூக்கைத் தூக்கவே முயலும். பந்தய வேகத்தில் அம்முயற்சி ஒரு மனிதன் கைக்கு அடங்குவதன்று. அச்சிறு தகடே அதனை அடக்கிக்கொண்டிருக்கும். தேர் ஓடும்போது எவரும் நினையாத அச்சாணி போன்றது அது.

1998-ஆம் ஆண்டு 'வூடு' என்னும் மஸ்டாங்கு ரீனோவிற் பந்தயத்திற் பறந்துகொண்டிருக்கையில் அதன் சீர்த்தகடு கழன்று போயிற்று. விமானம் சடுதியில் வானோக்கி எழுந்தது. விமானி பாப் ஹன்னா எடையின் பத்து மடங்குக்கு மேற்பட்ட பாரத்தால் நினைவிழந்தார். நினைவு மீண்டபோது, தாம் ஏறக்குறைய 9,000 அடி உயரத்தில் இருப்பதைக் கண்டார். பின்னர் நலமே தரையிறங்கினார். அவரை மேலே கொண்டு சென்றது அவரது திறமையன்று, ஊழே எனலாம். அவ்விமானம் மேலே எழுந்தவாறே பக்கவாட்டிற் சாயாது சென்றமையால் அவர் பிழைத்தார்.

பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2011 செப்டம்பர் 16-ஆம் நாள் மாலை, 'காலப்பிங் கோஸ்ட்' என்னும் மஸ்டாங்கு பந்தயத்தில் மூன்றாம் இடத்திற் பறந்துகொண்டிருந்தது. இது 1940-களிலேயே கிளீவ்லாந்திற் பறந்த பழைய பந்தய விமானம். வயிற்று வாயை நீக்கி நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறையும், வெட்டிய இறகும், தாழ்ந்த மூடியும் உடையதாக அது புதுப்பிக்கப்பட்டிருந்தது. ஓட்டியவர் ஜிம்மி லீவர்டு, வயது 74, பல்லாண்டுகள் பழுத்த விமானி. மணிக்கு 500 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் விமானம் திடீரெனப் புரண்டு மேலே எழுந்தது. அக்கணத்தில் அதன் மேற்சென்ற பாரம் 17 மடங்கிற்கும் மிகுதி. 150 இராத்தல் நிறையுள்ள ஒருவன் 2,500 இராத்தலுக்கு மேற் கனப்பான் என்றால், அவன் கையசைக்கவோ கண்விழித்திருக்கவோ வழியேது? ஒரு விநாடி கழியுமுன் விமானம் தலைவனற்றதாயிற்று. எழுந்த விமானம் கவிழ்ந்து, பார்வையாளர் மன்றத்தின் முன்னே நாற்காலிகளிட்டு அமர்ந்திருந்தோரிடையே வீழ்ந்தது. விமானியும் பார்வையாளர் பதின்மரும் மாண்டனர். அறுபதின்மருக்கு மேற்பட்டோர் காயமுற்றனர்.

அமெரிக்க தேசியப் போக்குவரத்துக் காப்பு வாரியம் ஓராண்டளவும் ஆராய்ந்து வெளியிட்ட முடிவு ஒவ்வொரு யந்திர மாணாக்கனும் படிக்கத்தக்கது. இடப்புறச் சீர்த்தகட்டைப் பிணித்திருந்த திருகாணிகளின் முனையில் 'லாக் நட்' எனப்படும் பூட்டு நட்டுகள் இருந்தன. அத்தகைய நட்டினுள்ளே ஒரு மெல்லிய வளையம் செருகப்பட்டிருக்கும். திருகாணி அதனை ஊடுருவிச் செல்லும்போது வளையம் அதனை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆதலால் எத்துணை அதிர்வு வரினும் நட்டு தளராது. ஆனால், ஒருமுறை திருகிக் கழற்றியபின் வளையத்தின் பிடி குன்றிவிடும். எடுத்தெறிந்து புதியதைப் போடுவதே விதி. இவ்விமானத்தில் இருந்தவையோ பழையனவாய், மீண்டும் பயன்படுத்தப்பட்டனவாய் இருந்தன. பிடி தளர்ந்தது, திருகாணிகள் நெகிழ்ந்தன, தகடு தன் உறுதியை இழந்தது. உறுதியிழந்த தகடு பெருங்காற்றில் என் செய்யும்? பனையோலையைக் காற்றிற் பிடித்தால் துடிப்பதுபோல் விநாடிக்குப் பன்முறை துடிக்கும். அத்துடிப்பில் அதனை இயக்கிய இணைப்புத் தண்டு முறிந்தது. அடக்கி வைத்திருந்த கை விடுபட்டதும் விமானம் தன்னிச்சையாய் எழுந்துவிட்டது.

துவிசக்கர வண்டியின் பழைய நட்டைத் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு மனநிறைவோடு ஏறிச் செல்பவர்கள் நாம். நட்டு என்பது நமக்கு ஓர் இரும்புத் துண்டே. அதனுள்ளே வயது என ஒன்று இருப்பதாக நாம் எண்ணுவதில்லை. ஆகவே அவ்வேலையாளரைப் பழிக்க நமக்கு வாய் வரவில்லை. எனினும், நட்டோடு இது முடியவில்லை என்பதே நாம் சுட்ட விரும்புவது.

தொழிற்சாலையிற் செய்யப்பட்டபடி, மஸ்டாங்கின் இரு உயர்த்திகளிலும் உள்ள இரு தகடுகளும் அசையத்தக்கவை. இவ்விமானத்தில் வலப்புறத் தகட்டை அசையாதபடி நிலைநிறுத்திவிட்டனர். இருவர் சுமந்த பாரத்தை ஒருவன் சுமக்க நேர்ந்தது. வலப்புறத் தகடும் இயங்கியிருக்குமாயின், இடப்புறத்து இணைப்பு முறிந்தபோதும் விமானம் கைமீறாதிருந்திருக்கக்கூடும் என்று வாரியத்தார் கருதினர். இத்தகைய மாற்றங்கள் பல, எழுத்தில் பதிவு செய்யப்படாதனவும், அவ்வேகத்திற் சோதித்துப் பாராதனவும் ஆகும் என்றும் அவர்கள் கண்டனர்.

1940-ல் மஸ்டாங்கை வரைந்த பொறிவல்லுநர், அதற்குத் தேவையானதை மட்டும் வைத்தாரல்லர். தேவைக்கு மேல் ஓரளவு வலிமையும், ஒன்று கெட்டால் மற்றொன்று உதவும்படியான இரட்டை அமைப்பும் வைத்தார். பந்தயக்காரன் கண்ணுக்கு அம்மிகுதி வீண்போல் தோன்றுகிறது. துப்பாக்கியை நீக்கியது போலவே அதனையும் நீக்குகின்றான். துப்பாக்கி போனதால் வந்த இலாபமும், இரண்டாம் தகடு போனதால் வந்த இலாபமும் வேகமானியில் ஒரேவிதமாகத்தான் தெரியும். அவ்விரண்டையும் வேறு பிரித்துக் காட்டுவது கணக்கு ஒன்றே. அக்கணக்கோ அவ்விமானத்திற்கு எழுதப்படவில்லை. இவ்விமானங்களை மாற்றவே கூடாது என்று அக்காலத்துச் சிலர் வாதிட்டனர். அதனோடு நாம் உடன்படுவதற்கில்லை. ஷெல்ட்டனின் பேர்கேட்டும் தலைகீழாக மாற்றப்பட்டதே. எனினும் அது பல்லாண்டு ஓடியது. மாற்றியது குற்றமன்று, மாற்றியதை எழுதி, அளந்து, படிப்படியாய் வேகங்கூட்டிச் சோதியாது விட்டதே குற்றம் எனக் கொள்வோம்.

வாரியத்தார் கூறிய பரிந்துரைகளுள், மாற்றியமைத்த விமானங்களைப் பொறிவல்லுநர் ஆராய்ந்த பின்னரே பறக்கவிடுதலும், விமானிகள் மிகுபாரத்தைத் தாங்கப் பயிற்சி பெறுதலும் இருந்தன. 2012-ல் பந்தயம் மீண்டும் நடந்தது. ஆபத்து அற்றுவிட்டது என்று கூறுவதற்கில்லை. 2022-ல் ஜெட் வகுப்பின் இறுதிப் போட்டியில் ஓர் எல்-29 தரையில் மோதி விமானி இறந்தார். 2023 செப்டம்பர் 17-ஆம் நாள், ரீனோவின் கடைசிப் பந்தய நாளன்று, போர்க்காலப் பயிற்சி விமானங்களாகிய டி-6 வகுப்பில் ஓட்டத்தை முடித்துத் தரையிறங்க வந்த இரு விமானிகள் ஒருவரோடொருவர் மோதி உயிரிழந்தனர். ரீனோவில் அத்தோடு பந்தயம் முடிவுற்றது. 2025 செப்டம்பரில் நியூ மெக்சிகோ மாநிலத்து ராஸ்வெல் நகரில் அது புதிதாகத் தொடங்கிற்று.

வூடு பிழைத்தது. 2017 செப்டம்பரில், முன்னர்க் கூறிய ஹிண்டனின் மகன், தந்தை பெயரையே கொண்டவர், ஐடஹோ மாநிலத்தில் அதனை ஓட்டி மணிக்கு 531 மைல் எய்தினார். அதன் எடை வகுப்பு வேறாகையால் ஷெல்ட்டனின் 528 மைலும் தன் வகுப்பில் அழியாது நிற்கிறது. கிரீனமையரின் பேர்கேட், வாஷிங்டனை அடுத்துள்ள ஸ்மித்சோனியன் பொருட்காட்சிச் சாலையில் வைக்கப்பட்டுள்ளது. குட்டையாக்கிய இறகையும், தலையொன்று புகுமளவான கண்ணாடி மூடியையும் அங்கே இன்றும் காணலாம்.